டிரைவர் சீட்டில் இல்லாத செருப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதும் கடிதம் இது. வார்த்தை என்னுடையது, கையெழுத்து அவளுடையது. நீயும் உன் வீட்டாரும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் ஆரம்பிக்கிறேன். உறையைப் பிரித்ததும், இது என் கடிதம் என்று தெரிந்து மடித்து வைத்துவிடாதே. நடுவில் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துகூடப் படி. ஆனால் கடைசி வரை படி.

இங்கே இரண்டு பேரும் நடமாட்டமாக இருக்கிறோம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டுகிறாள், அந்தப் படியைக் கட்டியவனே நான்தான் என்பதுபோல. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், அதனால் எழுத்து தெளிவாக இருக்கும். எனக்குக் காது மந்தம். முப்பது வருஷம் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்தவனுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். காதில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பஞ்சு கொடுத்தார்கள். நாம் அதில் கிரீஸ் துடைத்தோம். மற்றபடி, இடது காலின் கட்டைவிரல் மழைக்கு முன்னால் இன்னமும் அரிக்கிறது. இல்லாத விரலை எங்கே போய்ச் சொறிவது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், உங்கள் அம்மா போன பிறகு நீ உன் அக்காவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாய். அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். கடைசியில் மாமா எப்படி இருக்கிறார் என்று நீ விசாரித்திருப்பதாகவும் படித்தாள். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் கண் தெரியும். அதுவரை அவள் விரல் எழுத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே வந்தது. மாமா என்று படிக்கும்போது மட்டும் விரல் காகிதத்தை விட்டு மேலே நின்றது. நீ கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். கேட்காததில் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை உன் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நான் ஃபிட்டராகவும் நீ புல்டோசர் டிரைவராகவும் இருந்த நம் கல்குவாரி இன்னமும் ஓடுகிறது. பழைய ஷெட்டை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். அந்தப் பழைய புல்டோசர் எடைக்குப் போய்விட்டது. வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வாரம் என்று வைத்து ஆட்களைக் கூட்டி உட்காரவைப்பார்கள். அதில் என்னையும் பேசக் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாகக் கூப்பிடுகிறார்கள். புது ஆட்கள் சேரும்போதும் கூப்பிடுவது உண்டு. நான் போய் மேஜைமேல் என் கட்டைக்காலைக் கழற்றி வைப்பேன். சத்தம் அடங்கிவிடும். அப்புறம் கதையைச் சொல்வேன்: அடியில் ஆள் இருப்பதற்கு அடையாளமாகச் செருப்பை சீட்டில் வைத்துவிட்டுத்தான் வண்டிக்கு அடியில் போனேன், டிரைவர் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்துவிட்டார், அதனால் டிரைவர்மாரே, ஏறுவதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள். இதுதான் நான் சொல்வது. உன் பெயரைச் சொன்னதில்லை. ஆனால் பழைய ஆட்கள் புது ஆட்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் போனேன். பதினாலு பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். பின்னால் சில பழைய ஆட்களும் நின்றார்கள். அதில் ஒரு பெண், லோடர் ஓட்டுகிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும். அவளை எல்லாரும் ரவுண்டு அக்கா என்பார்கள். காலையில் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு முழு ரவுண்டு சுற்றி, குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். ஆம்பளைகள், "என்ன ரவுண்டு அக்கா, ராத்திரி வண்டி எங்கயாவது ஓடிப்போயிடுச்சான்னு பாக்குறீங்களா" என்று கிண்டல் செய்வார்களாம். அதற்கு அவள், "வண்டி ஓடாது. உன்ன மாதிரி எவனாவது அடியில படுத்துத் தூங்கிட்டு இருப்பான்" என்பாளாம்.

அவள் கையைத் தூக்கி, அந்தக் காலத்தில் கம்பெனி உங்களுக்கு பூட்ஸ் கொடுத்ததா என்று கேட்டாள். என் ஞாபகசக்தியைப் பற்றி எனக்குள்ள கர்வம் உனக்குத் தெரியும். எட்டாம் நம்பர் பூட்ஸ், அன்றைக்குக் காலையில்தான் கேட்டில் வைத்துக் கொடுத்தார்கள், முதல் ஜோடி வாங்கியவன் நான் என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே, "அப்ப கால்ல பூட்ஸ் இருந்திருக்கு. சீட்டுல வச்ச செருப்பு எங்க இருந்து வந்துச்சு ஐயா?" என்றாள். பழைய செருப்பு சைக்கிள் கேரியரில் இருந்தது, அதில் ஒன்றை எடுத்து வைத்தேன் என்றேன். "போல்ட் முறுக்க வந்த மனுஷன், மழையில சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் ஒத்தச் செருப்பை எடுத்துட்டு வந்தீங்களா? எங்க ஃபிட்டரு பக்கத்துல கிடக்கிற ஸ்பேனரையே என்னை எடுத்துத் தரச் சொல்வாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காலை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கேட்டுக்கு வரும்போது அவள் பின்னாலேயே ஓடிவந்து, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா என்றாள். கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று சொன்னாள். இப்போதெல்லாம் ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு சிவப்பு அட்டை. அட்டையில் அவனவன் போட்டோ. இஞ்சினை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, அட்டையை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் ஃபிட்டர் அடியில் போக வேண்டும். போன மாதம் அவளுடைய ஃபிட்டர் பூட்டும் போடவில்லை, அட்டையும் மாட்டவில்லை. டீ குடித்துவிட்டு வந்தவள் வழக்கம்போல ஒரு ரவுண்டு சுற்றியதில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே இழுத்து ஏன் பூட்டவில்லை என்று கேட்டிருக்கிறாள். அவன் சொன்ன பதிலை அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள். "ரெண்டு நிமிஷ வேலைக்குப் பூட்டு எதுக்குக்கா. பார்க்க வேண்டியது டிரைவர் பொறுப்பு. ஒத்தக்கால் ஐயாவே வருஷா வருஷம் அதைத்தானே சொல்றாரு."

மச்சான், அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் அக்கா முதல் நாள் பல்வலியா என்று கேட்டாள். இரண்டாம் நாள் டாக்டரிடம் போகலாமா என்றாள். மூன்றாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வா, உன் தம்பிக்கு எழுத வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்காமல் எடுத்து வந்தாள்.

இனி சொல்லப்போவது உன் பிள்ளைகளுக்காக.

அந்தப் புல்டோசருக்குச் சாவி கிடையாது. இருந்த சாவி கல்லோடு கல்லாக எங்கேயோ போய்விட்டது. ஸ்க்ரூடிரைவரோ ஆணியோ, எதை நுழைத்துத் திருப்பினாலும் உறுமும். சாவியை மடியில் கட்டிக்கொண்டு அடியில் போக வழியில்லை. வேலை நடக்கிறது, இயக்காதே என்று மேனேஜர் ஒரு பலகை எழுதி மாட்டினார். எங்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பலகையில் சட்டையைத் தொங்கவிட்டோம். அப்போது நான்தான் சொன்னேன், செருப்பை எல்லாருக்கும் படிக்கத் தெரியும் என்று. வண்டிக்கு அடியில் போகிறவன் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி டிரைவர் சீட்டில் வைக்க வேண்டும். வைத்தவனே வந்து எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். மேனேஜரே வந்தாலும் அதைத் தொடக் கூடாது. எது யார் செருப்பு என்று தேய்மானத்தை வைத்தே சொல்லிவிடுவோம். ஒரு காலில் செருப்பில்லாமல் சரளைக் கல்லில் நடக்கிறவனுக்கும், வேலை இன்னும் முடியவில்லை என்பது உள்ளங்காலில் உறைத்துக்கொண்டே இருக்கும். ஒன்பது வருஷம் அது நடந்தது, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒருமுறை ஒருவன் செருப்பு வைக்காமல் அடியில் போனான். அவனை வெளியே இழுத்துப் போட்டு, எல்லார் முன்னாலும் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வியை எழுத மாட்டேன் என்கிறாள் உன் அக்கா. அவ்வளவு கேவலமான கேள்வி. அவன் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை.

தங்கள் அப்பா எப்படிப்பட்ட டிரைவர் என்பதையும் உன் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். எல்லாரும் இரண்டு ஹாரன் அடித்து வண்டியை எடுப்பார்கள், அவன் மூன்று அடிப்பான். அதனால் மூணு ஹாரன் என்றே பெயர். தண்ணீர் குடிக்க இறங்கினால்கூட பிளேடைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் இறங்குவான். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை யாராவது தொட்டால் கையைத் தட்டிவிடுவான். ஒருநாள் மேனேஜர் டை கட்டிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார். டையின் நுனி ஃபேன் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. இவன் பாய்ந்து டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். மேனேஜர், சம்பள உயர்வு தராததற்கு அடிக்க வருகிறான் என்று நினைத்து ஆபீஸ் வரைக்கும் ஓடினார். அதற்கப்புறம் குவாரியில் யாருமே டை கட்டவில்லை. நாம் எப்போதுமே கட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

இனி அந்தத் திங்கட்கிழமை. மணி ஏழே முக்கால். தூறல். கேட்டில் எல்லாருக்கும் பூட்ஸ் கொடுத்தார்கள். எனக்கு லேஸ் கட்டத் தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் அதை யாரிடம் சொல்வது. வாட்ச்மேன் புரிந்துகொண்டு, குனிந்து இரண்டு காலுக்கும் கட்டிவிட்டார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழைய செருப்பு இரண்டையும் பேப்பரில் சுற்றி சைக்கிள் கேரியரில் செருகிவிட்டு ஷெட்டுக்கு வந்தேன்.

புல்டோசர் சக்கரத்துக்குப் பதிலாக ஓடுகிற இரும்புச் செயினுக்குள் ஒரு ரோலர் போல்ட் தளர்ந்திருந்தது. ஐந்து நிமிஷ வேலை. சீட்டில் வைக்க ஒரு பூட்ஸைக் கழற்ற வேண்டும். கழற்றினால் திரும்பக் கட்டத் தெரியாது. இன்னொரு தடவை ஒருவர் காலடியில் குனிந்து கட்டிவிட, நான் நிற்க வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டு இருநூறு அடி தூரம், மழை வேறு. வேண்டாம், யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் லோடர் நின்றிருந்தது. அந்தப் பக்கமாகப் படுத்து உள்ளே போனேன். சீட்டில் நான் எதையும் வைக்கவில்லை, மச்சான். செருப்பையும் வைக்கவில்லை, பூட்ஸையும் வைக்கவில்லை. நீ சொன்னதுதான் உண்மை. சீட்டில் ஒன்றும் இல்லை.

நீ வந்து மூன்று ஹாரன் அடித்தாய். அதை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று விசாரணையில் சொன்னதும் பொய். மூணு ஹாரன் வந்துவிட்டான், சீட்டில் நம் செருப்பு இருக்கிறது, பார்த்துவிட்டு இறங்கிவிடுவான், அதற்குள் முடித்துவிடலாம் என்று ஸ்பேனரை இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன். ஒன்பது வருஷப் பழக்கம் அப்படி நினைக்க வைத்தது. இஞ்சின் உறுமியபோதும் அது பக்கத்து லோடர் என்றே நினைத்தேன். பிளேடு தரையை விட்டு எழுந்தது. அடியில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் என் காலைப் பார்த்தேன். இரண்டு காலிலும் பூட்ஸ். இரண்டிலும் வாட்ச்மேன் கட்டிய லேஸ், அழகாக.

கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. புரண்டேன், உடம்பு வெளியே வந்தது. இடது கால் வருவதற்குள் செயின் அசைந்துவிட்டது. ஒரு முழம்கூட இருக்காது. லோடர் டிரைவர் கையை ஆட்டியதைப் பார்த்ததுமே நீ நிறுத்திவிட்டாய். உன்னைத் தவிர வேறு யாராவது அந்த சீட்டில் இருந்திருந்தால், இந்தக் கடிதத்தைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மேனேஜரும் இன்ஸ்பெக்டரும் வந்தார்கள். நீ கதவுப் பக்கம் நின்றாய். "சீட்டுல ஒண்ணும் இல்ல சார். ஈரம் துடைக்கக் கையால தடவிப் பார்த்துட்டுத்தான் உக்காந்தேன்" என்றாய். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "வச்சேன் சார். சைக்கிள்ல இருந்த செருப்புல ஒண்ணை எடுத்து வச்சேன்" என்று சொன்னேன். நீ என்னைப் பார்த்து மாமா என்று மட்டும் சொன்னாய். வலிக்கிறது என்று சொல்லி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். வலி இல்லை அப்போது. ஊசி போட்டிருந்தார்கள்.

வேலை போய்விடும், பெண்டாட்டி பிள்ளை நடுத்தெருவில் நிற்கும் என்று பயந்து சொன்னேன் என்று எழுதச் சொன்னால் நீ மனமிரங்கிவிடுவாய். அது உண்மை இல்லை. அந்தப் பயமெல்லாம் அப்புறம் வந்தது. அந்த நிமிஷத்தில் வெட்கம்தான். அந்த விதியைப் போட்டவனே நான். அதை மீறியவனை ஒரு வாரம் தலைகாட்ட முடியாமல் செய்தவனும் நான். லேஸ் கட்டத் தெரியாததால் என் விதியை நானே விட்டுவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

உன்னை வண்டியிலிருந்து இறக்கிக் கல் பொறுக்க விட்டார்கள். தினமும் உன் சாப்பாட்டுத் தூக்கின்மேல் யாராவது ஒரு செருப்பை வைத்துவிட்டுப் போனார்கள். வைத்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்றும் தெரியும். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்துவிட்டு நீ ஊரைவிட்டே போனாய். போன இடத்திலும் நீ வண்டியில் ஏறவே இல்லை, மர டிப்போவில் காவலுக்கு இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். பிளேடால் தரையைத் தண்ணீர் மட்டம் வைத்ததுபோல் வழித்துவிடுகிற கை அது.

இந்த இடத்தில் உன் அக்கா பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நேற்று அத்தோடு நின்றது. இதற்கு மேல் எழுதுவது இன்று.

நேற்றுச் சாயங்காலம் முழுக்க அவள் பேசவில்லை. தம்பியைப் பற்றி இப்போதுதான் உண்மை தெரிந்தது, அந்த அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று காலையில் டீயை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்." விபத்து நடந்த அன்று சாயங்காலமே வாட்ச்மேன் என் சைக்கிளை வீட்டில் கொண்டுவந்து விட்டாராம். கேரியரில் பேப்பர்ப் பொட்டலம். பிரித்துப் பார்த்தால் இரண்டு செருப்பும் ஜோடியாக இருந்தனவாம். பேப்பர் மேலே நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்தே இருந்ததாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நான் சொன்னதையும் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து இரண்டு செருப்பையும் பின்பக்கக் குப்பைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டாளாம்.

ஏன் கேட்கவில்லை என்றேன். "கால் போய்க் கட்டில்ல கிடக்கிற மனுஷனைப் பொய்யன்னு சொல்லவா. தம்பி ரெண்டு கால்ல நிக்கிறான், சமாளிச்சுக்குவான்னு நெனச்சேன்" என்றாள். நீ ஊரைவிட்டுப் போன அன்று பஸ்ஸடிக்கு வந்தவள், சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாளாம். நீ ஜன்னல் வழியாக, மாமாவைப் பார்த்துக்கொள் என்று சொன்னாயாம். அதற்குமேல் அவளுக்கு வாய் வரவில்லையாம். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பொய்யை ஆளுக்கு ஒரு பக்கம் மறைத்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

உன் பங்கை எழுத வேண்டாம், தம்பி உன்னையாவது வெறுக்காமல் இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன். நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், பேனா ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன எழுதுகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும். கேட்டால், நீங்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன், எழுதாதே என்று சொன்னதையும் எழுதிவிட்டேன் என்கிறாள்.

நேற்று முன்தினமே பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல பையன், முப்பது வயது. அவனிடம் எல்லாம் சொன்னேன். முதலில் அவனுக்குப் பிடிக்கவில்லை. "இத்தனை வருஷமா நல்லா ஓடுது பெரியவரே, இப்ப போய் ஏன் குழப்புறீங்க" என்றான். ரவுண்டு அக்காவின் ஃபிட்டர் சொன்ன பதிலைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, ஷெட் சுவரில் என் கதையை எழுதி மாட்டியிருக்கும் பலகையை இறக்கச் சொன்னான். அதில் டிரைவரின் கவனக்குறைவு என்று சிவப்பில் எழுதியிருக்கிறதாம். பதினெட்டு வருஷமாக அதற்குக் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிற இருபதாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டு மணிக்குப் புது ஷெட் முற்றத்தில் கூட்டம். மொத்தம் இருநூறு பேர் இருப்பார்கள். அன்றைக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன். வண்டிக்கு அடியில் போகிறவன் பூட்டாமல் போனால், மேலே எப்படிப்பட்ட டிரைவர் இருந்தாலும் காப்பாற்ற முடியாது. எனக்குக் கிடைத்தவனைவிட நல்ல டிரைவர் யாருக்கும் கிடைக்கப் போவதில்லை, எனக்கே இந்தக் கதி என்று சொல்வேன். நீ வராவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். அதை உன்னை வரவைக்கும் தந்திரம் என்று நினைக்காதே.

ஆனாலும் நீ வர வேண்டும். உன் தூக்கின்மேல் செருப்பை வைத்துச் சிரித்தவர்களில் பத்துப் பேராவது இன்னும் இருக்கிறார்கள். வந்தால் கூட்டத்தில் பின்னால் போய் நிற்காதே. முன்னால் வந்து நில். நான் பேசும்போது என்னை நானே காப்பாற்றிக்கொள்ள எங்கேயாவது கொஞ்சம் மழுப்புவேன், எனக்கே என்மேல் அந்தச் சந்தேகம் இருக்கிறது. மழுப்பினால், மாமா, அது அப்படி இல்லை என்று அத்தனை பேர் முன்னாலும் சொல். ஆஸ்பத்திரியில் சொன்னாயே, அதையே சொல். சீட்டில் ஒன்றும் இல்லை என்று சொல். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். ஆமாம் என்று சொல்வேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதைக் கேட்கிற அளவுக்கு இன்னும் ஒன்றும் செய்துவிடவில்லை. இருபதாம் தேதிக்குப் பிறகு, நீ வீட்டுக்கு வந்தால், பார்க்கலாம். வராமல் அப்படியே பஸ் ஏறிவிட்டாலும் சரி. உன் அக்கா பஸ்ஸடிக்கு வருவாள். முழங்கால் வலியெல்லாம் அன்றைக்கு இருக்காது, இப்போதே சொல்லிவிட்டாள்.

மலை ஏறுகிற ரோட்டில் பஸ் ஆடும், முன் சீட்டாகப் பார்த்து உட்கார். நீயும் உன் மனைவி மக்களும் கை கால் சுகத்தோடு நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் அக்காவின் கையெழுத்திலும் என் கட்டைவிரல் ரேகையிலும்,
உன் மாமா.